முத்துக்கு முத்து ஒரு முடிச்சு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். சிலிண்டர் கொண்டுவருகிற பையன்கூட என் வீட்டு வாசலில் மணியை ஒரு தடவைதான் அடிப்பான், இரண்டாவது தடவை அடிக்கப் பயம். அப்பேர்ப்பட்ட நான் ஊசியும் பட்டு நூலும் எடுத்துவைத்துக்கொண்டு முத்து கோர்க்க உட்கார்ந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. நான் அங்கே கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். "சார், ஒங்களுக்கும் முத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று பி.டி. வாத்தியார் ஸ்டாஃப் ரூமே சிரிக்கிற மாதிரி கேட்டார். கையில் இருந்த பீக்கரை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். உள்ளே தண்ணீர்தான் இருந்தது என்பதால் விட்டுவிட்டேன்.

சம்பந்தம் என் மனைவிதான். அவள் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் பக்கத்தில் புருஷன் கல்ஃபுக்குப் போவான், பொண்டாட்டி ஊரில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். புதுக்கோட்டையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அப்படி நாலு வீடு இருக்கும். எங்கள் வீட்டில் தலைகீழ். பையன் படிப்பு, வீட்டு லோன் என்று காரணங்கள் இருந்தன, கூடிப் பேசித்தான் அனுப்பினேன். பையனும் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் நான் ஒண்டி ஆள். "வீட்டம்மா எப்ப சார் லீவுல வாராங்க?" என்று கடைத்தெருவில் கேட்பார்கள். கேட்கிறவர்கள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும், அதெல்லாம் எனக்கு ஒரு கஷ்டமே இல்லை. கஷ்டம் வேறு. வீட்டில் சண்டை போட ஆள் இல்லை. நேரில் சண்டை வந்தால் அவள் சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைப்பாள், அந்தச் சத்தத்திலேயே என் கோபம் பாதி இறங்கிவிடும். ஃபோனில் அது நடக்காது. ஃபோனில் குரலை உயர்த்தினால் அவள் கட் பண்ணிவிடுவாள், நான் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு மறுநாள் வரைக்கும் அல்லாட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய ஸ்கூட்டியை வெளியே எடுத்து ஸ்டார்ட் பண்ணி, பேட்டரி இறங்காமல் இருக்கக் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். சும்மா நின்ற இடத்திலேயே அது உறுமிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

அவளிடமும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அவள் போன முதல் வருஷம், காய்ச்சலில் கிடந்தபோது, மனசு தாங்காமல் ஃபோனில் "பேசாம வந்துரும்மா" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், அந்தப் பக்கம் அழுகை. அழுத அழுகையில் அன்றைக்கு அவளால் ட்யூட்டிக்குப் போக முடியவில்லை. கூட இருக்கும் கேரளத்து நர்ஸ் ஃபோனை வாங்கி, "அண்ணே, இங்ஙனெ எல்லாம் பறையல்லே" என்று, இப்படியெல்லாம் பேசாதீங்க என்று மலையாளத்தில் என்னை அதட்டினாள். சரி, இனிமேல் இந்தப் பேச்சே எடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். கண் காணாத ஊரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளை நாமும் சேர்ந்து அழவைக்கக் கூடாது இல்லையா?

முத்து வந்த கதைக்கு வருகிறேன். போன லீவில் அவள் மஸ்கட் கடைத்தெருவில் வாங்கின முத்துமாலை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பெரிய விலை ஒன்றும் இல்லை, ஆற்று முத்து. ஆனால் அவள் கழுத்து நிறத்துக்கு அது எடுப்பாக இருந்தது. ஆவுடையார்கோவிலில் அவளுடைய சித்தி மகன் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்து, அப்பளத்துக்குக் கை நீட்டினாள், மாலை அறுந்தது. முத்து அத்தனையும் தரையில் சிதறி நாலாபக்கமும் ஓடியது. பரிமாறுகிறவர் காலில் மிதிபட்டது ஒன்று, பாயச வாளிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது ஒன்று. இலையில் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு நானும் அவளும் டேபிளுக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கினோம். டேபிளுக்கு அடியில் ஆளுக்கு ஒரு பக்கமாக வந்து முட்டிக்கொண்டபோது, அவள் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளே ஒரு சிரிப்பு! பட்டுப்புடவை எல்லாம் சாம்பார். எனக்கு அன்றைக்கு ஏனோ கோபமே வரவில்லை.

லீவு முடிந்து கிளம்பும்போது முத்துகளை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "கடையில குடுத்து நல்லாக் கோத்து வைங்க. அடுத்த தடவ வாரப்ப போட்டுக்குறேன்" என்றாள். அடுத்த தடவை அவள் வருவது கான்ட்ராக்ட் முடிகிற சமயம். லோன் கிட்டத்தட்ட அடைந்துவிடும், பையனும் கடைசி வருஷத்துக்கு வந்துவிடுவான். 'அடுத்த தடவ' என்று அவள் சொன்னதை நான் ஒரேயடியாக வருவதாகத்தான் எடுத்துக்கொண்டேன். கேட்டு உறுதி பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால் பழைய பேச்சு வரும், அழுவாள் என்று விட்டுவிட்டேன்.

கடையில் கொடுத்தேன். கீழராஜ வீதியில் தெரிந்த நகைக்கடைக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "நைலான்ல கோத்துத் தாரேன், சாயந்தரம் வாங்கிக்கங்க" என்றார். ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு போட்டால், அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும், மற்றவை நூலிலேயே நிற்கும் என்று நான் எங்கேயோ பார்த்திருந்தேன். அதைக் கேட்டதும் அவர், "அதெல்லாம் யாருங்க இங்கிட்டுப் போடுறாக? ஒக்காந்து முடிச்சுப் போட்டுக்கிட்டிருந்தா கடைய யாரு பாக்குறது?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "குடுங்க, நானே போட்டுக்குறேன்" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகுதான், ஐயோ, எப்படிப் போடுவது என்று உறைத்தது.

யூடியூப்தான் கதி. யாரோ ஒரு வெள்ளைக்காரம்மாள், முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். அவள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியவில்லை, சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன். நூலை இடது கை விரல்களில் சுற்றி ஒரு வளையம். கோர்த்த முத்தை அந்த வளையத்துக்குள் இறக்கிவிட வேண்டும். வளையம் சுருங்கி வரும்போது இடுக்கியின் கூர்முனையை அதற்குள் விட்டு, முத்தை ஒட்டின இடத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் முடிச்சு இடுக்கி முனையில் வந்து உட்காரும். இடுக்கியை உருவின கையோடு கட்டைவிரல் நகத்தால் முடிச்சை முத்தோடு சேர்த்துத் தள்ளிவிட வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. செய்து பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரும். முடிச்சு ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவில் நூல் இளிக்கும். பட்டு நூல் முடிச்சு ஒரு தடவை இறுகினால் பிரிக்க முடியாது. வெட்டிவிட்டு முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

முத்தில் கை வைக்கத் தைரியம் வராமல், விராலிமலை அடிவாரத்துக் கடையில் பாசிமணி வாங்கிவந்து பழகினேன். பட்டு நூல் ஆன்லைனில் வந்தது, நூல் முனையிலேயே மெல்லிசுக் கம்பி முறுக்கி ஊசியாக இருந்தது. சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து உட்காருவேன். ஃபேன் போட்டால் நூல் பறக்கும், நிறுத்தினால் விரல் வியர்த்து வெள்ளை நூல் அழுக்காகும். எத்தனை தடவை எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போனேன் தெரியுமா? எறிந்த பாசியை நானே குனிந்து பொறுக்குவேன். திட்டுவதற்கு அங்கே என்னைத் தவிர ஆள் இல்லை. என்னையே திட்டிக்கொள்வேன்.

ஆனால் ஒரு நன்மை நடந்தது. ஃபோனில் பேச விஷயம் கிடைத்தது. அதுவரைக்கும் எங்கள் பேச்சு "சாப்ட்டியா, சாப்ட்டீங்களா, பையன் பேசுனானா" என்பதோடு முடிந்துவிடும். அதற்குமேல் நான் ஏதாவது பேச ஆரம்பித்தால் பேசக்கூடாததில் போய் நிற்கும் என்று பயம். இப்போது முத்து இருந்தது. வீடியோ காலில் துண்டையும் நூலையும் காட்டுவேன். இன்றைக்கு நாலு முடிச்சு ஒட்டி விழுந்தது, ஒன்று இளித்துக்கொண்டது என்பேன். "போற போக்கப் பாத்தா வேலைய விட்டுட்டுக் கடை போட்ருவீங்க போல" என்று கேலி பண்ணுவாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். ஃபோனை வைத்த பிறகு அந்தத் துண்டைப் பார்க்கவே பிடிக்காது. எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். அதை அவளுக்குக் காட்டவில்லை.

கை பழகிய பிறகு நிஜ முத்தில் இறங்கினேன். பெரியது நடுவில், சின்னது ஓரத்தில் என்று துண்டின் மடிப்பில் அடுக்கினேன். ஒரு நாள் கொஞ்சம் என்று கோர்த்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கொக்கியும் மாட்டி முடித்துவிட்டேன். தூக்கிப் பிடித்தேன். முத்து, முடிச்சு, முத்து, முடிச்சு, அசைத்தால் பாம்பு மாதிரி வளைந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போது பார்த்து புத்தி ஒரு வேலை பண்ணியது. புது நூல், சுமங்கலி கழுத்துக்குப் போவது, அதுவும் வெள்ளிக்கிழமை. வெறும் வெள்ளை நூலையா அவள் கழுத்தில் போடுவது? எங்கள் வீடுகளில் தாலிக் கயிறு மாற்றினாலும் சரி, புதுச் சேலை கட்டினாலும் சரி, ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமல் விடமாட்டோம். வெகுதூரத்தில் இருக்கிறவள் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மஞ்சளை உரசி, கொக்கிப் பக்கத்து நூலில் ஈரமாக ஒரு பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், அடக்கடவுளே! பட்டு நூல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே போய், பக்கத்து முடிச்சு, அதற்கடுத்த முடிச்சு என்று ஒரு பக்கம் முழுக்க மஞ்சள். முத்தின் துளை வாயெல்லாம் மஞ்சள் வட்டம். பதறிப்போய், யோசிக்காமல் துணிச் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் அப்படியே சிவப்பாக மாறியது. மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்பது பத்தாம் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். வருஷா வருஷம் அந்தப் பரிசோதனைக்கு மஞ்சள் தாளை வெட்டி வரிசையாக டேபிளில் வைக்கிறவனே நான்தான்! தலையில் தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. மஸ்கட்டில் டே ட்யூட்டி முடிந்து ரூமுக்கு வந்ததும் அவள் கூப்பிட்டாள். அழுகையை விழுங்கிவிட்டுச் சிரிப்புக் கதையாக மாற்றினேன். மாலையைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து, "இந்தா பாரு, மஞ்சளும் குங்குமமும் நானே வச்சு மங்களகரமா ரெடி பண்ணிட்டேன், கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் ஸ்பெஷல்" என்றேன். சோப்புப் போட்டதை நடித்தே காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ரூமில் இருந்த மற்ற நர்ஸுகளைக் கூப்பிட்டு, திரும்பவும் சொல்லச் சொன்னாள். சொன்னேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நீங்க இம்புட்டுச் சிரிச்சுப் பேசி நான் பாத்ததே இல்லங்க" என்று கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

மறுநாள் மாலையை வெட்டிப் பிரித்தேன். முத்துகளை ஈரத் துணியால் துடைத்து இளவெயிலில் வைக்க, சிவப்பும் மஞ்சளும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தன. திரும்பவும் முதல் முத்திலிருந்து முடிச்சு. இந்தத் தடவை கை நின்று பேசியது. அவள் ஒரேயடியாக வந்து இறங்கும்போது மாலை தயாராக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எண்ணம். ஒவ்வொரு முடிச்சைத் தள்ளும்போதும் 'வந்துருவா, வந்துருவா' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். பைத்தியம் என்றுதான் சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

வந்தாள். திருச்சி ஏர்போர்ட்டில் கும்பலுக்குள் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், அதில் ஒரே ஒரு பெட்டி. மற்றதெல்லாம் கார்கோவில் வரும்போல என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து குளித்ததும் மாலையைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவிப் பார்த்தாள். "நெசமாவே நீங்களா போட்டீங்க?" என்று கேட்டு, நைட்டி மேலேயே அதை மாட்டிக்கொண்டு அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடந்தாள். எனக்கு அந்த ஒரு நாள் போதும் என்று இருந்தது. பொய், போதாது.

இரண்டு நாள் கழித்து, கட்டுமாவடிக் கடல் நண்டு கிடைத்தது என்று காலையில் வாங்கிவந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து நண்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில்தான் கேட்டேன்.

"ஒன் குக்கரு, போர்வையெல்லாம் எப்ப வருது? கார்கோவுல போட்டியா?"

"ரூம்லதான் இருக்கு. அத எதுக்குக் கொண்டாரணும்?"

"அங்க எதுக்கு இனிமே?"

கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ரினியூ பண்ணிட்டேங்க. இன்னும் ரெண்டு வருசம். வந்து நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்."

அடுத்த நொடி எனக்குக் கோபம் தலைக்கேறியது. உரித்த பூண்டைத் தட்டோடு தள்ளிவிட்டேன். "யாரக் கேட்டு ரினியூ பண்ணுன? என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா ஒனக்கு?"

அவள் திரும்பக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கேக்கணும்னுதான் இருந்தேன். வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தக் காய்ச்சலுக்கு அப்பறம் நீங்கதான் வான்னு ஒரு நாளும் சொல்லலையே. தெனம் முத்து, முத்துன்னு சந்தோசமாப் பேசுனீங்க. அன்னைக்கு மஞ்சளக் காட்டிச் சிரிச்சீங்க பாருங்க, ரூமே சிரிச்சுச்சு. நான் பாத்ரூம்ல போயி அழுதேன். சரி, இவரு தனியா இருந்து பழகிட்டாரு, இனிமே நம்மளத் தேட மாட்டாருன்னு மனசுல பட்டுச்சு. பையனுக்கும் மேல படிக்க ஆவும்னு மறுநாளு போயிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிதறிக் கிடந்த பூண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டேன். எதை வைத்து அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதாக நினைத்தேனோ, அதைப் பார்த்துத்தான் அவள் தள்ளிப் போயிருக்கிறாள். இனி ஒன்றும் செய்ய முடியாது. கான்ட்ராக்டை நடுவில் விட்டுவிட்டு வந்தால் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் எதுவும் கொடுக்கமாட்டார்கள். லீவு முடிந்ததும் அவள் போய்த்தான் ஆக வேண்டும்.

"தேட மாட்டேனா?" என்றேன். இந்த வயதில் பூண்டுத் தோலுக்கு நடுவே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். "ஒன்னையத் தேடாத நாளே இல்லம்மா. வேற என்ன பேசுறதுன்னு தெரியாமத்தான் அதப் பேசுனேன்."

அவள் நண்டு நாறும் கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"அப்ப அத ஃபோன்ல சொல்லக் கூடாதாங்க?"

"சொன்னா நீ அழுவியே."

"அழுதா என்னங்க?" என்றாள். "அழுதுக்கிட்டே கெளம்பி வந்திருப்பேன்ல."